பூனைச் சடைக்கு மூன்று கருவிகள்: எதை வாங்கலாம், எதை எங்கே வைக்கக் கூடாது

காரைக்குடிப் பக்கம் வளரும் பெர்சியன் பூனைக்கு இரண்டு தொல்லை. ஒன்று செம்மண் புழுதி, இன்னொன்று தோட்டத்துக்குள் புகுந்து வரும்போது முடியில் ஒட்டிக்கொள்ளும் நாயுருவி விதை. காதுக்குப் பின்னால் ஒரு விதை மாட்டினால் போதும், உதிர்ந்த அடிமுடியெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு கொட்டைப்பாக்கு அளவுக்குச் சடை திரண்டுவிடும். இதற்கென்று கடைகளில் கிடைப்பவை கம்பி பிரஷ், ஸ்டீல் சீப்பு, வளைந்த பிளேடு வைத்த சடைவாரி.

முதலில் வாங்க வேண்டியது ஸ்டீல் சீப்புதான். ஒரு பாதி அகலப் பல்லும் மறுபாதி நெருக்கப் பல்லுமாக இருக்கட்டும். பெர்சியனுக்குப் பல் 2.5 செ.மீ. நீளமாவது வேண்டும், இல்லாவிட்டால் தோல் வரை எட்டாது. பல்லின் நுனி முக்கியம். முன்கையின் உட்புறத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள். கீறினால் அந்தச் சீப்பு வேண்டாம்.

கம்பி பிரஷ் பார்வைக்கு நன்றாக வேலை செய்யும். மேல்முடி பஞ்சு மாதிரி எழும்பும், அடியில் சடை அப்படியே கிடக்கும். பிரஷ் போட்ட இடத்திலேயே சீப்பைத் தோல் வரை விட்டு இழுத்தால் தெரிந்துவிடும்: சீப்பு எங்கே நிற்கிறதோ அங்கே சடை. பிரஷை அழுத்தித் தேய்த்தால் தோலில் சிவப்புக் கோடு விழும். உதிர்முடியை அள்ள மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சடைவாரி, முதுகிலும் விலாவிலும் உள்ள தளர்ந்த சடையைக் கீறிப் பிரிக்க நல்ல கருவி. அக்குளிலும் வயிற்றிலும் தொடை இடுக்கிலும் வைக்கவே கூடாது. அங்கே தோல் மெல்லியது, சடையோடு சேர்ந்து கூடாரம் மாதிரி மேலே எழும்பி நிற்கும். பிளேடு எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கத்தரிக்கோல் வேண்டாம் என்பதும் இதனால்தான். ஒரே நறுக்கில் தோல் கிழிந்துவிடும்.

பூனை தின்றுவிட்டு அசந்திருக்கும் நேரம் பாருங்கள். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்துப் பக்கம், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் வழுக்கும், கால் ஊன்ற முடியாமல் பூனை பதறும். சாக்கு அல்லது கெட்டித் துண்டு விரித்து அதன்மேல் உட்காரவையுங்கள். சடையில் அரை டீஸ்பூன் சோளமாவு (கார்ன்ஃப்ளார்) தூவி விரலால் நிமிண்டி விட்டால் இழைகள் வழுக்கிக் கொடுக்கும். பிறகு சடையின் அடியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுகப் பிடியுங்கள். இழுப்பு உங்கள் விரலோடு நின்றுவிட வேண்டும், தோலுக்குப் போகக் கூடாது. அகலப் பல்லால் நுனியில் தொடங்கி, ஒரு செ.மீ. ஒரு செ.மீ. ஆக அடி நோக்கி வாருங்கள். கடைசியில் நெருக்கப் பல். வால் அடிக்க ஆரம்பித்தாலோ காது பின்னால் மடங்கினாலோ நிறுத்திவிடுங்கள். ஐந்து நிமிஷத்தில் ஒரு சடை பிரிந்தாலே அன்றைக்குப் போதும்.

சடையோடு குளிப்பாட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. நனைந்து காய்ந்த சடை கம்பளி மாதிரி இறுகிவிடும், பிறகு எந்தச் சீப்பும் உள்ளே போகாது. தேங்காயெண்ணெய் தடவினால் புழுதி அப்பிக்கொள்ளும், பூனை அதை நக்கி வயிற்றைக் கெடுத்துக்கொள்ளும். டெட்டால் கலந்த தண்ணீர் வேண்டவே வேண்டாம், அது பூனைக்கு நஞ்சு.

சீப்புக்கு மசியாத சடைக்கு விலங்குகளுக்கான டிரிம்மர். 10-ஆம் எண் பிளேடு சரியாக இருக்கும். தோலை இழுத்துச் சமமாக்கி, பிளேடைப் படுக்கவைத்து ஓட்டுங்கள். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை மணிக்கட்டில் வைத்துச் சூடு பாருங்கள், சூடேறிய பிளேடு தோலைச் சுட்டுவிடும். தாடி டிரிம்மர் அடிமுடியில் சிக்கி நின்றுபோகும்.

முதுகு முழுக்க ஒரே பாயாகச் சடை பிடித்திருந்தாலோ, அடியில் ஈரமும் நாற்றமும் இருந்தாலோ வீட்டில் தொடாதீர்கள். கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து மழித்துவிடுவார். இதுவரை சுத்தமாக இருந்த வயதான பூனைக்குத் திடீரென்று சடை பிடித்தால், சீப்பு வாங்குவதற்கு முன் அதன் வாயையும் மூட்டுகளையும் காட்டிவிடுங்கள். பல் வலியோ மூட்டு வலியோ இருக்கும் பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிடும்.