சாம்பிள் பீஸைக் கையில் வாங்கிப் பார்த்து எச்.எஸ். கோடு போடும் திருப்பூர் அலுவலகம்

வெளிநாட்டு லேடீஸ் டாப்ஸ், கவுன், நைட்டி இறக்கும் கடைகளுக்கு எச்.எஸ். கோடு (சுங்கவரி அட்டவணையில் சரக்கின் வகையைக் காட்டும் எண்) பார்த்துத் தருவதைத் தனி வேலையாகவே செய்கிறது அவிநாசி ரோட்டுப் பக்கம் உள்ள ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்ட் அலுவலகம். சரக்கு கப்பல் ஏறும் முன்பே ஸ்டைலுக்கு ஒரு தாள் கைக்கு வந்துவிடும்: எட்டு இலக்கக் கோடு, காரணம், வரிக்கணக்கு.

இன்வாய்ஸில் 'லேடீஸ் டாப்' என்று இருப்பதை அப்படியே நம்பிக் கோடு போடுவதில்லை, சாம்பிள் பீஸ் கேட்கிறார்கள். இந்தச் சேவையின் பலமே அதுதான். நிட் (பின்னல் துணி) என்றால் வரி அட்டவணையின் 61ஆம் அத்தியாயம், வோவன் (நெய்த துணி) என்றால் 62. பிரா, கார்செட் மட்டும் நிட்டாக இருந்தாலும் 6212. முன்பட்டியில் வலது பக்கம் இடது பக்கத்தின் மேல் ஏறினால் பெண்கள் உடை. ஆண், பெண் எனப் பிரிக்கவே முடியாத உடையும் பெண்கள் தலைப்புக்கே (நான்கு இலக்கப் பிரிவு) போகும்.

கீழ்ப்பகுதியையும் விடாமல் பார்க்கிறார்கள். நிட் பிளவுஸ் 6106தான். ஆனால் இடுப்புக்குக் கீழே பாக்கெட்டோ, அடியில் ரிப் பட்டியோ, இழுத்துக் கட்டும் நாடாவோ இருந்தால் அந்தத் தலைப்பு போய்விடும். தடித்த நிட்டுக்கு 10 செ.மீ. நீள அகலத்தில் கவுண்டிங் கிளாஸ் (இழை எண்ணும் லென்ஸ்) வைத்துப் பின்னல் லூப் எண்ணுகிறார்கள். இரு திசையிலும் சராசரி சென்டிமீட்டருக்கு 10க்குக் குறைந்தாலும் 6106 கிடையாது. வோவன் டாப்ஸில் இடுப்புக்குக் கீழே பாக்கெட் இருந்தால் வோவன் பிளவுஸுக்கான 6206 போய்ப் பெரும்பாலும் மற்ற உடைகளுக்கான 6211 ஆகிவிடும்.

சறுக்குவது கம்போசிஷனில், அதாவது எந்த இழை எத்தனை சதவீதம் என்பதில். காட்டன் 40, பாலியஸ்டர் 35, விஸ்கோஸ் 25 சதவீதம் என்ற நிட் கவுனுக்குக் காட்டன்தான் அதிகம் என்று காட்டன் கவுனுக்கான 6104 42 போட்டிருந்தார்கள். அது தப்பு. முதலில் எந்த இழை அத்தியாயம் என்று பார்க்க வேண்டும் (அட்டவணையில் காட்டனுக்குத் தனி, செயற்கை இழைக்குத் தனி). பாலியஸ்டர், விஸ்கோஸ் இரண்டும் செயற்கை இழை அத்தியாயங்களைச் சேர்ந்தவை, அவை சேர்ந்தே கணக்காகும். 60 சதவீதம் காட்டனை முந்திவிடுகிறது. அதற்குள் பாலியஸ்டர் பெரியது, ஆகவே 6104 43. சரிபாதி காட்டன், பாலியஸ்டர் என்றாலும் அட்டவணையில் பின்னால் வரும் எண்ணான பாலியஸ்டர்தான் ஜெயிக்கும். லேபிளை மட்டும் நம்பாமல் கோவை சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தில் கம்போசிஷன் டெஸ்ட் எடுத்து, ரிப்போர்ட்டோடு பீஸைக் கொடுப்பது நல்லது.

வரிக்கணக்கு தெளிவு. 20 சதவீத வரியுள்ள உடையின் மதிப்பு 1,000 ரூபாய் என்றால் அடிப்படை வரி 200, அதன் மேல் 10 சதவீத சமூக நல சர்சார்ஜ் 20, ஆக 1,220. பீஸ் 2,500 ரூபாய்க்குள் இருந்தால் இதன் மேல் 5 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.) 61. மொத்த வரி 281. சில கோடுகளில் பீஸுக்கு இத்தனை ரூபாய் என்றும் உண்டு, இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். மலிவு சரக்குக்குக் கோடு மாறினால் அடி விழுவது இங்கேதான்.

பங்களாதேஷ் சரக்குக்கான தாளில் சாஃப்டா (தெற்காசிய வர்த்தக ஒப்பந்தம்) வரிச்சலுகையும், எந்த நாட்டுத் தயாரிப்பு என்று காட்டும் ஆரிஜின் சர்ட்டிஃபிகேட்டும் குறித்திருந்தார்கள். 2025 மே 17 முதல் அந்நாட்டு ரெடிமேட் உடைகள் மும்பை அருகே உள்ள நவ சேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்பது அதில் இல்லை. தூத்துக்குடிக்கு புக் செய்துவிட்ட பிறகு தெரிந்து பயனில்லை. இந்த விடுபடல் சின்னதல்ல.

ஒரே ஸ்டைல் திரும்பத் திரும்ப வருமென்றால் 10,000 ரூபாய் கட்டணத்தில் சுங்கத்துறை முன்தீர்ப்புக்கு (இந்தச் சரக்குக்கு இதுதான் கோடு என்று முன்கூட்டியே வாங்கும் தீர்ப்பு) விண்ணப்பிப்பதே மேல். தீர்ப்புக்குச் சட்டம் தரும் கெடு 3 மாதம், கிடைத்தால் சில ஆண்டுகள் செல்லும். இவர்கள் விண்ணப்பமும் எழுதித் தருகிறார்கள்.

கோடும் வரியும் இறக்குமதியாளரே கணக்கிட்டுச் சொல்லும் சுயமதிப்பீடு என்பதால் கோடு தவறினால் பதில் சொல்ல வேண்டியவர் இறக்குமதியாளர். குறைந்த வரியைக் கேட்டு நோட்டீஸ் 2 ஆண்டுக்குள் வரலாம், மறைத்ததாகக் கருதினால் 5 ஆண்டு வரை. தாளோடு சாம்பிள் பீஸையும் லேபிள் வெட்டாமல் திரும்ப வாங்கி அதுவரை பத்திரப்படுத்துங்கள்.