அறுபதைத் தாண்டிய முதுகுக்குக் கைரோபிராக்டிக்: அண்ணா நகர் நிலையம் ஒன்று

கைரோபிராக்டிக் என்றால் முதுகெலும்பைக் கையால் அழுத்தியும் திருப்பியும் செய்யும் சிகிச்சை. இந்த நிலையத்தில் கை வைப்பதற்கு முன் கேள்வி கேட்கிறார்கள். அதற்கே முழு மதிப்பெண் கொடுக்கலாம். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தீர்களா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, விழுந்து எலும்பு முறிந்ததுண்டா? அந்த ஸ்கேன் தரும் டி-ஸ்கோர் என்ற அளவு மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை, அதாவது எலும்பு பலவீனமாகிவிட்டது. அப்படிப்பட்ட முதுகை அழுத்தி நெட்டி முறித்தால் முள்ளெலும்பே நொறுங்கக்கூடும். இங்கே எலும்புப்புரை உள்ளவர்களுக்கு ஆக்டிவேட்டர்தான்: ஊசியில்லாத சிரிஞ்சு போன்ற சிறு ஸ்பிரிங் கருவி, 'டிக்' என்று லேசாகத் தட்டும், அவ்வளவுதான்.

கழுத்தைப் படக்கென்று திருப்பும் முறையும் வைத்திருக்கிறார்கள். வயதானவர்கள் அதைக் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அரிதாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போகும்.

முன்பணம் கட்டச் சொல்லும் 20 அமர்வு பேக்கேஜ் தேவையே இல்லை. ஆறு அமர்வில் வலி குறையாவிட்டால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். கால் வலுவிழந்து, சிறுநீரும் அடைத்தால் இங்கே வராமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கடைசிப் பத்து நிமிடப் பயிற்சி அருமை: கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார்வது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், வழுக்காது.