லங்ஃபிஷ் வைத்திருப்பவர்கள் ‘பேலன்ஸ்டு டயட் பேக்’ வாங்கும் முன் படிக்கவும்

சென்னையில் பெரிய மீன்கள் விற்கும் ஒரு கடை, லங்ஃபிஷ் (நுரையீரலாலும் மூச்சு விடுகிற மீன்) வாங்குகிற எல்லோரிடமும் ‘பேலன்ஸ்டு டயட் பேக்’ என்று ஒன்றைத் தள்ளிவிடுகிறது. மாதம் 2,800 ரூபாய். உயிருள்ள தீனி, உறைந்த கறிக் கலவை, வெளிநாட்டு பெல்லட் (உருண்டைத் தீனி) மூன்றும் வீடு தேடி வரும் என்பது பேச்சு. கடையின் பெயரை இங்கே போடப்போவதில்லை. ஆனால் பேக்குக்குள் என்ன வந்தது, கேள்வி கேட்டால் என்ன கதை சொன்னார்கள் என்பதை விவரமாகச் சொல்கிறேன். இதே சரக்கு வேறு பெயரில் வந்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரியும்.

என்னிடம் இருப்பது ஆப்பிரிக்க லங்ஃபிஷ், அனெக்டென்ஸ் வகை. இரண்டடியைத் தாண்டிவிட்டது, இந்த வகை ஒரு மீட்டர் வரைக்கும் வளரக்கூடியது. கடைக்காரர் முதலில் இதை ஆஸ்திரேலிய லங்ஃபிஷ் என்று சொல்லித்தான் விலை பேசினார். செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டி, “பாருங்க சார், அமெரிக்காவுல மியூசியத்துல இருக்கு, எண்பது வருஷத்துக்கு மேல ஆவுது, நம்ம பேக்க போட்டா இதுவும் அப்படித்தான்” என்றார். வீடியோவில் இருந்தது மெத்தூசலா. 1938-இல் சான்பிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் மீன்காட்சியகத்துக்கு வந்த மீன். அது உண்மையிலேயே ஆஸ்திரேலிய இனம்: பெரிய செதில், படகுத் துடுப்பு மாதிரி அகலமான துடுப்புகள். ஆப்பிரிக்க இனத்துக்குத் துடுப்புகள் நூல் மாதிரி தொங்கும். பார்த்த உடனே தெரியும் வித்தியாசம் இது. அதைச் சொன்னதும் விலையைக் குறைத்தார், பேச்சைக் குறைக்கவில்லை. சரி, மீன் நன்றாக இருக்கிறது, தீனியும் அவரே பார்த்துக்கொள்கிறார் என்று பேக்கோடு சேர்த்துத்தான் வாங்கினேன்.

முதலில் உயிருள்ள தீனி. வாராவாரம் ஒரு கவர் நிறையக் குட்டி கோல்டு ஃபிஷ். அது மட்டும்தான், வேறு எதுவும் மாற்றி வந்ததே இல்லை. லங்ஃபிஷ் அவற்றை ஆசையாகத் தின்னும், அதில் சந்தேகமில்லை. சிக்கல் என்னவென்றால் கோல்டு ஃபிஷ், கெண்டைக் குடும்பத்து மீன்கள் பலவற்றில் தயமினேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. வைட்டமின் பி1-ஐ அது சிதைத்துவிடும். எப்போதாவது ஒன்றிரண்டு தின்றால் பாதகமில்லை. மாதக்கணக்கில் அதுவே முக்கியத் தீனி என்றால் பி1 குறைந்து நரம்பு பாதிக்கும். பசி போகும், உடம்பு நிலை தடுமாறும். “ஃப்ரீசர்ல ஒரு நாள் வெச்சுப் போடுங்க சார், கெட்டதெல்லாம் செத்துடும்” என்று அவர் ஒரு யோசனை சொன்னார். ஒட்டுண்ணிக்கு அது ஓரளவு சரி. தயமினேஸ் உறைய வைத்தால் அழியாது, வேக வைத்தால்தான் அழியும்.

அடுத்து கறிக் கலவை. இறால், மீன், மாட்டு இதயம், கீரை என்று டப்பா மேல் ஸ்டிக்கர். ஒரு கட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைய விட்டுப் பார்த்தேன். மேலே எண்ணெய்ப் படலம், கீழே கோழி ஈரலும் தோலும். ஒரு இறால் ஓடு கூடக் கண்ணில் படவில்லை. கீரை என்று பச்சையாக ஏதோ இருந்தது. அது கலர் பொடி என்றே நினைக்கிறேன், நிரூபிக்க முடியாது. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. கோழி, மாட்டுக் கொழுப்பு மீன் உடம்புக்குப் பழக்கமில்லாத சமாச்சாரம். தொடர்ந்து போட்டால் மீனின் ஈரலில்தான் போய்ப் படியும்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. லங்ஃபிஷ் விழுங்கும் மீன் இல்லை. பல் தகடுகளால் நசுக்கும், பாதியை வெளியே துப்பும், மறுபடி உறிஞ்சி மெல்லும். இதற்கு இரைப்பை கிடையாது என்பதால் அரைக்கிற வேலையெல்லாம் வாயிலேயே நடக்கிறது. நத்தை, நண்டு என்று ஓடுள்ளவற்றை உடைத்துத் தின்னப் படைக்கப்பட்ட வாய் அது. அந்த வாய்க்குக் கூழ் மாதிரி கறியைப் போட்டால் பாதி தொட்டியில் கரைந்துவிடும். மறுநாள் தண்ணீர் பால் மாதிரி கலங்கும், அமோனியா ஏறும். அதைச் சொன்னால் கடைக்காரர் ஒரு பாட்டில் ‘வாட்டர் க்ளியர்’ எடுத்துக் கொடுப்பார், 450 ரூபாய். கலக்குவதும் அவர் சரக்கு, தெளிய வைப்பதும் அவர் சரக்கு.

மூன்றாவது, ஜப்பான் பெல்லட். சாதாரண பிளாஸ்டிக் கவரில் 200 கிராம், 650 ரூபாய். கம்பெனிப் பெயரும் இல்லை, தயாரித்த தேதியும் இல்லை. தொட்டியில் போட்டால் மிதந்துகொண்டே இருந்தது. லங்ஃபிஷுக்குக் கண் பார்வை மட்டம். அடியில் ஊர்ந்து வாசனை பிடித்துத் தின்கிற மீன். மேலே மிதக்கும் உருண்டையை அது கவனிக்கவே இல்லை. மீன் பண்ணை வைத்திருக்கும் என் மாமா ஒருவர் கவரை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “டேய், இது நம்ம ரூப்சந்துக்குப் போடுற தீனிடா. 28 பர்சென்ட் புரோட்டீன். மூட்டையா வாங்குனா கிலோ அறுபது ரூபாய்ச் சொச்சம்.” அவர் பண்ணை மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பக்கத்தில் வைத்தார். அதே அளவு, அதே நிறம், அதே வாசனை. பண்ணைத் தீனி கெட்டது என்று சொல்ல வரவில்லை. தாவரமும் தின்று வளரும் ரூப்சந்துக்கு அது சரியான தீனிதான். கறி தின்னும் மீனுக்கு அதை ஐம்பது மடங்கு விலையில் ஜப்பான் என்று விற்பதுதான் அயோக்கியத்தனம். கவரில் பிரித்துக் கட்டி வெயில் படும் கண்ணாடி அலமாரியில் தொங்கவிட்ட தீனியில் வைட்டமின் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்பது வேறு கேள்வி.

இவ்வளவுக்கும் மீன் பல மாதம் நன்றாகவே தெரிந்தது. இந்த வியாபாரம் ஓடுவதே அதனால்தான். ஏரி வற்றினால் சேற்றுக்குள் கூடு கட்டி மாதக்கணக்கில் பட்டினி கிடந்து பிழைக்கிற ஜீவன் இது. எதைப் போட்டாலும் தின்னும், எதையும் தாங்கும். கெடுதல் வெளியே தெரிவதற்குள் கடைக்காரர் ஏகப்பட்ட பேக் விற்றிருப்பார். கெண்டை செத்தால் ஒரே வாரத்தில் சண்டைக்குப் போவோம். லங்ஃபிஷ் விஷயத்தில் எந்தத் தீனியால் வந்தது என்று சொல்லவே முடியாமல் போய்விடுகிறது.

பிறகு ஒருநாள் சாப்பிடுவதை நிறுத்தியது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. மூச்சு விட மேலே வரும்போது வழி தவறி, தொட்டியின் சுவரில் முட்டித் திரும்பியது. ஆப்பிரிக்க லங்ஃபிஷ் மேலே வந்து காற்றை விழுங்காவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். போன் செய்தேன். கடைக்காரர் அசரவே இல்லை: “அது கோடைத் தூக்கத்துக்குப் போவுது சார். ரெண்டு மாசம் சாப்பிடாது, நார்மல். பேக்க மட்டும் நிறுத்திடாதீங்க.” தண்ணீர் வற்றினால்தான் அந்தத் தூக்கம். மூன்றடி நீளத் தொட்டியில் தளும்பத் தளும்பத் தண்ணீர் நிற்கும்போது எந்த லங்ஃபிஷும் அப்படித் தூங்காது. சாப்பிடாத மீனுக்கு எதற்குத் தீனி பேக் என்று கேட்டதற்கு லைனைத் துண்டித்துவிட்டார்.

மீன்வளம் படித்த நண்பர் ஒருவர்தான் கைகொடுத்தார். பி1 குறைபாடாகத்தான் தெரிகிறது என்றார். மீன் சுலபமாக மேலே வரும்படி தண்ணீரைத் தாழ்த்தச் சொன்னார். கோல்டு ஃபிஷ், ஈரல் இரண்டையும் அடியோடு நிறுத்தி, அவர் சொன்ன அளவில் பி1 தூளை மண்புழுவில் தடவிக் கொடுத்தோம். இப்போது நேராக நீந்துகிறது, இடது பக்கம் மட்டும் கொஞ்சம் இழுக்கிறது. ஜிலேபி மீன் துண்டு முள்ளோடு, மண்புழு, ஓட்டோடு இறால், கறி தின்னும் மீன்களுக்கான, அடியில் அமிழும் பெல்லட் என்று மாற்றி மாற்றிப் போடுகிறேன். சில வகை இறாலிலும் மட்டியிலும் கூட தயமினேஸ் உண்டு. அதனால் இறாலே கதி என்றும் இருக்க முடியாது. ஏரியில் பிடித்த நத்தை வேண்டாம், ஒட்டுண்ணி வரும். வளர்ந்த மீனுக்கு வாரத்தில் இரண்டு மூன்று வேளை போதும். பேக்கில் ‘தினமும் வயிறு நிறைய’ என்று அச்சடித்திருந்தது யாருக்கு லாபம் என்று சொல்லத் தேவையில்லை. மெத்தூசலா அத்திப்பழம் கூடத் தின்னுமாம். என்னுடையது வெள்ளரித் துண்டை ஒரு முறை மென்று துப்பிவிட்டது.

பணம் திரும்பவில்லை. பில் கேட்டபோதெல்லாம் துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார்கள், கடையின் முத்திரை கிடையாது. ஜிபே ரசீதுகளை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறேன். பணம் போன கணக்கு கடை பெயரில் இல்லை, வேறு ஒருவர் பெயரில் இருக்கிறது. பணம் கட்டும்முன் திரையில் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள்.

அந்த பேக் இப்போது அரோவானா மீனுக்கும் வருகிறதாம், ஸ்டிக்கர் மட்டும் வேறு. ஏற்கெனவே வாங்கியிருந்தால் கறிக் கட்டி ஒன்றை வெந்நீரில் கரைத்துப் பாருங்கள், பெல்லட்டைப் பண்ணைத் தீனியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரிக்காத மூல டப்பாவை, காலாவதித் தேதியோடு, காட்டச் சொல்லிக் கேளுங்கள். என்னிடம் அது குடோனில் இருக்கிறது என்றார்கள். குடோன் எங்கே என்று கேட்டேன், அதற்கு இன்னும் பதில் வரவில்லை.