பெகாப்ளெர்மின் ஜெல்: சர்க்கரைக் கால் புண்ணில் எப்போது பலன் தரும்?

இது அமெரிக்காவில் 1997-ல் ரெக்ரானெக்ஸ் என்ற பெயரில் அனுமதி பெற்ற 0.01% ஜெல். ரத்தத் தட்டணுக்கள் சுரக்கும் வளர்ச்சிக் காரணியை ஈஸ்ட்டில் உருவாக்கி இதில் சேர்க்கிறார்கள். 382 பேரை வைத்து நடந்த ஆய்வில், 20 வாரத்துக்குள் முழுதாக மூடிய புண்கள் நூற்றுக்கு 50. மருந்தில்லாத ஜெல் போட்டவர்களிடம் 35. வாங்கலாம், பாதத்தில் நாடி நன்றாகத் துடித்தால் மட்டும். கால் சில்லிட்டு விரல் கறுத்திருந்தால் முதலில் ரத்தக்குழாய் மருத்துவரிடம் போக வேண்டும்.

காசு வீணாவது பெரும்பாலும் புண்ணைத் தயார் செய்யாமல் பூசுவதால்தான். செத்த சதையில் ஊறும் நொதிகள் இந்தப் புரதத்தையே தின்றுவிடும். அடியில் படிந்த மஞ்சள் படலத்தையும் விளிம்பில் தடித்த காய்ப்பையும் மருத்துவர் சீவி எடுத்து, லேசாக ரத்தம் கசியும் சிவந்த சதை தெரிய வேண்டும். சீழோ வீக்கமோ இருந்தால் அதற்கான சிகிச்சை முதலில்.

அளவு, 15 கிராம் ட்யூபுக்கு: புண்ணின் நீளத்தை அகலத்தால் பெருக்கி நான்கால் வகுக்க வேண்டும். 4 செ.மீ.க்கு 2 செ.மீ. புண் என்றால் 2 செ.மீ. நீள ஜெல் போதும். புண் சுருங்கச் சுருங்க, வாரம் ஒருமுறையோ இருமுறையோ அளந்து குறைக்க வேண்டும். ட்யூப் முனை புண்ணில் படக் கூடாது. சுத்தமான தாளில் பிதுக்கி, பஞ்சுக்குச்சியால் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். மேலே சலைனில் நனைத்த காஸ் துணி. 12 மணி நேரம் கழித்து மிச்ச ஜெல்லைக் கழுவிவிட்டு, அடுத்த 12 மணி நேரத்துக்கு வெறும் சலைன் காஸ். நாளுக்கு ஒருமுறைதான். கனமாக அப்பினால் சீக்கிரம் ஆறாது.

ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள், ஃப்ரீசரில் கூடாது. புண் இருக்கும் இடத்தில் புற்றுநோய் இருந்தால் இதைத் தொடவே கூடாது.

பாதத்தில் பாரம் ஏறிக்கொண்டே இருந்தால் எந்த ஜெல்லும் உதவாது. உள்ளங்கால் புண்ணுக்கு எம்.சி.ஆர் எனப்படும் மெத்தென்ற ரப்பர் செருப்பு மட்டும் போதாது. முழங்கால் வரை வரும் மாவுக்கட்டோ கழற்ற முடியாத பூட்ஸோ வேண்டும். 10 வாரத்தில் புண் 30% கூடச் சுருங்காவிட்டால் மறுபடி மருத்துவரிடம் காட்டுங்கள்.

தைவானில் வந்துள்ள ஓஎன்101 என்ற புதிய க்ரீம் கற்பூரவல்லி, வல்லாரைச் சாரங்களால் ஆனது. 2021-ல் வெளியான ஆய்வில் 16 வாரத்தில் 60.7% புண்கள் மூடின. நீரை உறிஞ்சும் சாதாரணக் கட்டுப் போட்டவர்களிடம் 35.1%. அதற்காகத் தொட்டிச் செடியின் இலையைக் கசக்கிப் புண்ணில் பிழியாதீர்கள். க்ரீமில் இருப்பது பிரித்தெடுத்து அளவிட்ட பகுதி. பச்சை இலையோடு மண்ணும் கிருமியும் சேர்ந்து வரும்.