மூன்றரை ஆண்டுகளாக நிகழ்காலத்தைப் பழகுதல்: தலவாக்கலையிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

இலங்கையின் தேயிலைத் தோட்ட ஊரான தலவாக்கலையில், 2022 மார்ச் மாத இறுதியில், மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டிருந்தபோதுதான், மூச்சைக் கவனித்து மனத்தை நிகழ்காலத்தில் நிறுத்தும் இந்தப் பயிற்சியைத் தொடங்கினேன். கட்டாரில் இருக்கும் தம்பியின் வேலை நிலைக்குமா, அடுத்த மாதம் பால்மா என்ன விலை விற்கும், மண்ணெண்ணெய் வரிசையில் நாளையாவது நமக்குக் கிடைக்குமா என்ற கணக்குகள் இருட்டில் தலை சாய்த்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்க, பின்னிரவு மூன்று மணி வரை கண் மூடாமல் கிடந்த நாட்கள் அவை. என்னைப் பார்த்த வைத்தியர் மாத்திரை எழுதித் தந்ததோடு, தினமும் பத்து நிமிடம் மூச்சை மட்டும் கவனித்துப் பாருங்கள் என்றும் சொன்னார். முதல் மாத உற்சாகத்தில் எழுதப்படும் பாராட்டுகளை நம்பித் தொடங்கி, இரண்டாம் மாதமே மனம் சோர்ந்து கைவிட்டவர்கள் என் உறவிலேயே இருக்கிறார்கள். ஆகவே நெடுநாள் பழக்கத்தில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதை எழுதி வைப்பது யாருக்காவது உதவும் என்று நினைக்கிறேன்.

செய்முறையில் மறைபொருள் ஏதுமில்லை. காலை நாலரை மணிக்குப் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிப்பேன். மனம் வேறெங்காவது போய்விட்டது என்று தெரிந்ததும் திட்டாமல் திரும்ப அழைத்து வருவேன். மார்கழி, தை மாதங்களில் எங்கள் ஊர்க் குளிர் இதற்குப் பெரிய துணை: உள்ளே போகும் காற்று மூக்கு நுனியில் ஊசி போல் குத்துவதும், வெளியே வருவது வெதுவெதுப்பாக மேலுதட்டில் படுவதும் அவ்வளவு தெளிவாகத் தெரியும். பௌத்த மரபில் நெடுங்காலமாக இருந்துவரும் இந்த முறையை, ஜோன் கபட்-சின் என்பவர் 1979இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் நாட்பட்ட வலியால் வாடியவர்களுக்கான பல வாரப் பயிற்சியாக அமைத்தார். எட்டு வாரத்தில் எனக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று: என் மனம் எவ்வளவு நேரம் வெளியூரில் இருக்கிறது என்ற அதிர்ச்சி. பிறகுதான் 2010இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். 2,250 பேரிடம் கைத்தொலைபேசி வழியாக அவ்வப்போது கேட்டுப் பார்த்ததில், ஏறத்தாழ 47 சதவீத நேரம் அவர்களுடைய மனம் செய்கிற வேலையில் இருக்கவில்லை என்றும், அப்படி அலைந்த வேளைகளில் அவர்கள் குறைவான மகிழ்ச்சியோடு இருந்தார்கள் என்றும் கண்டிருக்கிறார்கள். என் மனம் மட்டும் கெட்டுப்போனதில்லை என்று தெரிந்ததே அப்போது ஆறுதலாக இருந்தது.

ஆனால் இந்தப் பழக்கத்தை எனக்கு உண்மையில் கற்றுத் தந்தவர் என் அம்மா. முப்பத்து நான்கு வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். காலையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் என்னைப் பல நாள் பார்த்துவிட்டு, ஒருநாள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார்: "கொழுந்து எடுக்கையில மனசு வீட்டுக்குப் போயிருச்சுன்னா, கை முத்தின எலையப் பறிச்சிரும் புள்ள. மடுவத்துல நிறுக்கையில கிலோவக் கழிச்சிருவாங்க. கை எங்க இருக்கோ மனசும் அங்கதான் இருக்கணும்." அந்த வாரம் வீட்டுக்குப் பின்னால் இருந்த நாலைந்து தேயிலைச் செடிகளில் எனக்குப் பறித்துக் காட்டினார். கண் தளிரைத் தேடுவதற்குள் விரல் அதைத் தொட்டிருக்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் காம்பை ஒடிக்கையில் 'டக்' என்று சிறிய சத்தம் வருகிறது. முத்திய காம்பு அந்தச் சத்தத்தைத் தராமல் நாராக இழுபடுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பறித்த அரை மணி நேரத்தில் தம்பியும் பால்மாவும் என் நினைவுக்கு வரவே இல்லை. அதன் பிறகு ரொட்டிக்கு மாப் பிசைவது, சம்பலுக்குத் தேங்காய் துருவுவது, துணி அலசுவது எல்லாம் எனக்குப் பயிற்சி நேரங்களாயின. உட்கார்ந்து செய்வதைவிடக் கைவேலையில் மனம் நிற்பது எனக்கு எளிது. உட்கார முடியவில்லை என்று வருந்துபவர்கள் இதை முயன்று பார்க்கலாம்.

இரண்டாம் ஆண்டில் ஒரு தடங்கல் வந்தது. அப்பாவின் திதி நெருங்கிய நாட்களில் கண்ணை மூடினாலே நெஞ்சு அடைத்தது. விடாமல் இருந்தால் சரியாகிவிடும் என்று நான்கு நாள் பிடிவாதமாக உட்கார்ந்தது தவறு. வைத்தியரிடம் சொன்னபோது, கண்ணைத் திறந்துகொண்டு நடந்தபடி செய்யச் சொன்னார். ஒரு மாதத்தில் நெஞ்சு இலகுவானது. ஆழ்ந்த துக்கத்தில் இருப்பவர்கள் வழிகாட்டி இல்லாமல் நீண்ட நேரம் கண்மூடி உட்கார வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு வைகாசி இரவு மழை விடாமல் கொட்டியபோது, வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்மேட்டைப் பற்றிய பயத்தை மூச்சைக் கவனித்து அடக்க முயன்றேன். அம்மா போர்வையையும் அடையாள அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, எழும்பு என்றார். அன்றிரவு பாடசாலையில் தங்கினோம். மேடு சரியவில்லை. ஆனாலும் 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்காத எவரும் அம்மா செய்ததைத்தான் செய்வார்கள். நாளையைப் பற்றிய எல்லா எண்ணமும் மனத்தின் அலைச்சல் அல்ல. அதைப் போலவே, உள்ளதை அமைதியாக ஏற்றுக்கொள் என்ற பேச்சை எங்கள் மக்களிடம் கூலி, காணி, வீடு பற்றிய கேள்விகளுக்குப் பதிலாகச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனதற்குப் பின்னால் பல ஆண்டுப் போராட்டம் இருக்கிறது. என் அனுபவத்தில், இந்தப் பழக்கம் கவலைப்பட வேண்டியதையும் வேண்டாததையும் பிரித்துக் காட்டுகிறது. கவலையின் காரணத்தை அது நீக்குவதில்லை.

இன்றைய நிலை இதுதான்: தூக்க மாத்திரையை வைத்தியரின் சொற்படி படிப்படியாகக் குறைத்து நிறுத்தி இரண்டு வருடமாகிறது. இரவில் இன்னும் விழிப்பு வரும், ஆனால் கணக்குகள் தொடங்கியது தெரிந்ததும் விலக முடிகிறது. பிள்ளையிடம் எரிந்து விழுவது குறைந்திருக்கிறது, அதை அவனே சொன்னான். காலை உட்காருவது வாரத்தில் நாலைந்து நாட்களாகச் சுருங்கிவிட்டாலும், ஹட்டனுக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிடும் வழக்கத்தை ஒருநாளும் விடவில்லை. அந்த வீதியில் பதினொரு வருடம் போய்வந்தும் சென்கிளேயர் அருவியை ஒழுங்காகப் பார்த்தது கிடையாது. மேல் கொத்மலை அணை வந்தபின் அதில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று அம்மா வருத்தப்படுவார். இப்போது யன்னலோர இருக்கை கிடைத்தால், அருவி கண்ணில் பட்டதிலிருந்து, அதற்கப்பால் டெவோன் அருவி வளைவில் மறையும் வரை, வெளியே மட்டும் பார்த்துக்கொண்டு போகிறேன்.