பெங்களூர்ல டென்ட் வாடகைக்கு எடுக்கறவங்க கவனத்துக்கு: டெபாசிட் 9,000 போச்சு

ட்ரெக்கிங் சாமான் வாடகைக்கு எடுக்கப் போறவங்க, டெபாசிட் கட்டறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சிடுங்க. போனது 9,000 ரூபாய். வாடகை 3,200 தனி, அது குடுத்தே ஆகணும், அதைப் பத்திப் பேச்சு இல்ல. ஆனா இந்த 9,000 பட்டப்பகல் கொள்ளை. சாமானை எப்படிச் சோதிச்சு வாங்கணும்னு கீழே எழுதறேன். முதல்ல நடந்தது.

கடை பேரு வேண்டாம். இன்ஸ்டால விளம்பரம், வாட்ஸ்அப்ல ஆர்டர், ஓசூர் ரோடு பக்கம் ஒரு கோடௌன்ல போய் எடுத்துக்கணும், அந்த ரகம். ரெண்டு பேர் படுக்கற டென்ட் ஒண்ணு, ஸ்லீப்பிங் பேக் ரெண்டு, 60 லிட்டர் ரக்சாக் ஒண்ணு. செப்டம்பர்ல மணாலி பக்கம் இருக்கற ஹம்ப்டா பாஸ் (மலைக் கணவாய்) ட்ரெக் போறதுக்கு.

டென்ட்டைப் பிரிச்சுக் காட்டுங்கன்னு கேட்டதும் கவுன்ட்டர்ல இருந்த பையன் தமிழ்ல ஆரம்பிச்சான். "அண்ணா, நானும் கிருஷ்ணகிரி பக்கம்தான். போன வாரம்தான் சர்வீஸ் பண்ணி மடிச்சது. இங்க விரிக்க இடமே இல்லண்ணா. நம்ம ஊர்க்காரருக்குக் குறை உள்ளதைக் குடுப்பேனா?" டெபாசிட்டுக்கு ரசீது கேட்டா, "வாட்ஸ்அப் மெசேஜே ரசீதுதாண்ணா." க்யூஆர் கோடு கடை பேர்ல இல்ல, யாரோ ஒரு தனி ஆள் பேர்ல. 9,000 அதுலதான் போச்சு. ரெண்டு பேருக்கு இங்கிருந்து டெல்லிக்கு ஸ்லீப்பர், அங்கிருந்து மணாலிக்குச் சாதா பஸ், எல்லாத்தையும் கூட்டினாலும் 9,000 வராது, பாத்துக்கோங்க.

ஹம்ப்டாவுல பாஸைத் தாண்டற வரைக்கும் ஈரமான பக்கம், தாண்டினா லாஹௌல்-ஸ்பிதியைப் பாத்த வறண்ட பக்கம். அதனால டென்ட்டுக்கு உண்மையான பரீட்சை, பாஸுக்கு முன்னாடி வர்ற கேம்ப் பாலு கா கேராவுலதான். ராத்திரி மழையில கூரைத் தையல் வழியா சொட்டுச் சொட்டா உள்ள இறங்குச்சு. ஊர் திரும்பினதும் டென்ட்டைக் காய வெச்சு, மண் தட்டி, ஆணியெல்லாம் எண்ணி ஒப்படைச்சாச்சு. மறுநாள் போட்டோவோட மெசேஜ்: "உள் கோட்டிங் பிசுபிசுப்பு, சீம் டேப் உரிஞ்சிருக்கு, கஸ்டமர் டேமேஜ், முழு டெபாசிட்டும் ஹோல்டு."

இங்கதான் ரத்தம் கொதிக்குது. டென்ட் மேல போர்த்தற ஃப்ளை ஷீட்டோட உள்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும், தண்ணியைத் தடுக்கறது அதுதான். டென்ட்டை ஈரத்தோட மடிச்சு, காத்துப் போகாத சூடான இடத்துல போட்டு வெச்சா, அந்த ஈரமே பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுடும். ஹைட்ராலிசிஸ்னு சொல்றது இதைத்தான். முதல்ல புளிச்ச வாந்தி வாடை வரும், அப்புறம் பிசுபிசுன்னு கையில ஒட்டும், கடைசியில வெள்ளையா செதில் செதிலா உதிரும். தையல் மேல ஒட்டின சீம் டேப்பும் பிடி விட்டுடும். ஒரு ட்ரெக்ல என்ன சேதம் ஆகும்? கிழியும், ஓட்டை விழும், டென்ட்டைத் தாங்கற கம்பி (போல்) வளையும், ஆணி தொலையும். பூச்சு பிசுபிசுத்துப் போறது ஒரு வாரத்து வேலையே கிடையாது. ஞாயித்துக்கிழமை ராத்திரி நனைஞ்சு வந்ததை அப்படியே மூட்டை கட்டி, வெள்ளிக்கிழமை அடுத்த குரூப்புக்குத் தள்ளிவிட்டு, பல சீசன் அப்படியே ஓட்டினா வர்ற சேதம் இது. அவன் கோடௌன்ல செத்த டென்ட்டுக்கு அடுத்தவன் காசுல கருமாதி.

இதை எல்லாம் விவரமா டைப் பண்ணி அனுப்பினா பதில் ஒரு கட்டைவிரல் எமோஜி. அப்புறம் "க்யூசி டீம் பாக்கறாங்க சார்" (அண்ணா அதுக்குள்ள சார் ஆயாச்சு). அப்புறம் "அக்கவுண்ட்ஸ்ல இருக்கு." அப்புறம் "ஓனர் ஊர்ல இல்ல." நேர்ல போனா, கிருஷ்ணகிரிக்காரன் லீவாம், உள்ள இருந்தவருக்குத் தமிழும் தெரியாதாம், கன்னடத்துல கேட்டா டெபாசிட் விஷயமும் தெரியாதாம். கடைசியா ஒரு சலுகை: அடுத்த ட்ரிப்புக்கு 2,000 ரூபாய் கூப்பன், அதுவும் மூணு மாசத்துக்குள்ள. 9,000 வாங்கிட்டு 2,000 கூப்பன்! வேண்டாம்னதும் "நோ ரீஃபண்ட்"னு ஒரு பாலிசி படம் வந்துச்சு. ஆர்டர் போட்டப்ப அனுப்பின விதிகள்ல அந்த வரியே கிடையாது. அதைக் கேட்ட அன்னிக்கே பிளாக்.

ஸ்லீப்பிங் பேக் கதையையும் சொல்லணும். "மைனஸ் 10 பேக்"னுதான் குடுத்தாங்க. லேபிள்ல மூணு வெப்பநிலை அளவு இருக்கும்: கம்ஃபர்ட் (நிம்மதியா தூங்கலாம்), லிமிட் (சமாளிச்சுத் தூங்கலாம்), எக்ஸ்ட்ரீம். அந்த மைனஸ் 10 எக்ஸ்ட்ரீம். அதாவது தூக்கம் வராது, உயிர் மட்டும் தங்கும். வாடகைக்காரங்க எப்பவும் அந்த நம்பரைத்தான் சொல்லுவாங்க. நீங்க கம்ஃபர்ட் நம்பரை மட்டும் பாருங்க.

சரி, சோதனை. விவரமா எழுத இப்ப மனசு இல்ல, முக்கியமானதை மட்டும் சொல்றேன்.

ஃப்ளையை உள்பக்கம் ரெண்டா மடிச்சு அழுத்திப் பிரிங்க. டேப் உரியற மாதிரி சத்தம் வந்தாலோ வாடை அடிச்சாலோ வேண்டாம்னு வந்துடுங்க. போன் டார்ச் அடிச்சு சீம் டேப் முழுக்கப் பாருங்க. ஜிப்பை ரெண்டு பக்கமும் ஓட்டுங்க, மூடின அப்புறம் பின்னாடி பல் பிரிஞ்சா ஸ்லைடர் தேஞ்சிடுச்சுன்னு அர்த்தம். ஃபைபர் போல்னா மூட்டுல கீறல் இருக்கான்னு தடவிப் பாருங்க. ஸ்லீப்பிங் பேக்கை வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சா பஞ்சு ஒதுங்கின இடம் தெரியும். எடுக்கறப்ப வீடியோ, குடுக்கறப்ப வீடியோ, ரெண்டுலயும் கடைக்காரன் குரல் இருக்கட்டும். விரிக்க இடம் இல்லைங்கற கடையில எடுக்கவே எடுக்காதீங்க. ஹம்ப்டா போறவங்க மணாலியிலேயே வாடகைக்கு எடுக்கலாம், ரயில்ல தூக்கிட்டுப் போற மூணு கிலோவும் மிச்சம்.

1915க்குப் போன் பண்ணி நுகர்வோர் புகார் பதிவு பண்ணியாச்சு. 9,000 திரும்ப வந்தா இங்க எழுதறேன்.

இன்னொண்ணு. இன்னிக்குக் காலையில அதே டென்ட் அவங்க இன்ஸ்டா ஸ்டோரில "ஃப்ரெஷ் ஸ்டாக்"னு வந்திருக்கு. ஆரஞ்சு ஃப்ளை, சாம்பல் நிறத் தரை, கதவு ஜிப்புக்குப் பக்கத்துல உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு டேப் ஒட்டு. யாராவது புக் பண்ணியிருந்தா உடனே கேன்சல் பண்ணுங்க.