தோல் புற்றுநோய் என்று சொல்லியாயிற்று: தெல்லிப்பழையா, மகரகமவா, சென்னையா?

யாழ்ப்பாணத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "எங்க காட்டப் போறியள்?" என்பதுதான். என்ன புற்றுநோய் என்று கேட்பவர்கள் குறைவு. தோல் புற்றுநோயில் இந்த வரிசையை மாற்றிப் போட வேண்டும். பயொப்சி, அதாவது தோலில் துண்டு எடுத்துப் பார்த்த றிப்போட்டில் என்ன பெயர் எழுதியிருக்கிறதோ அதுதான் எங்கே போவது, எவ்வளவு அவசரப்படுவது, எவ்வளவு காசு கரைப்பது எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

அம்மாவுக்கு மூக்கோரத்தில் இருந்தது பேசல் செல் கார்சினோமா என்று வந்தது. சத்திரசிகிச்சைக்குத் திகதி தந்திருக்கிறார்கள், காத்திருக்கிறோம். இதற்கிடையில் லண்டன் மச்சாள் ஒரு திசையைக் காட்ட, கொழும்பு மாமா இன்னொன்றைக் காட்ட, அயலட்டை மூன்றாவதைக் காட்ட, எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

மூன்று பெயர்கள்

தோல் புற்றுநோயில் பெரும்பாலும் காதில் விழுவது மூன்று வகை. பேசல் செல்தான் மூன்றிலும் சாது. மிக மெதுவாக வளரும். உடம்பின் வேறு இடங்களுக்குப் பரவுவது மிக அரிது. வெள்ளைக்காரரின் படங்களில் இது முத்துப் போல இளஞ்சிவப்பாக இருக்கும். நம்முடைய தோலில் பெரும்பாலும் கறுப்பாகத்தான் வரும், அதனால் மச்சம் என்றே நினைத்துவிடுகிறோம். அம்மாவுடையதும் அப்படித்தான்: உளுந்தளவு கறுப்பு, ஓரம் சற்று உயர்ந்து மினுக்கம், நடுவில் சின்னக் குழி. முகம் துடைக்கும்போது துவாயில் ஒரு பொட்டு இரத்தம் படும், காய்ந்து பொருக்கு விழும், ஆறியது போல் இருக்கும், திரும்பவும் கசியும். மச்சம் இப்படி ஆறி ஆறிப் புண்ணாகாது. சாது என்பதற்காக வருடக்கணக்கில் விட்டால் இருந்த இடத்திலேயே அரித்துக்கொண்டு போகும். மூக்கோரம், கண்ணோரம், காது என்றால் கீழே குருத்தெலும்பு வரைக்கும் இறங்கும்.

இரண்டாவது ஸ்குவாமஸ் செல். இதற்கு வெயில் மட்டும் காரணமில்லை. நம்மைப் போன்ற கறுத்தத் தோலில் பழைய எரிகாயத் தழும்பிலும் நாள்பட்டு ஆறாத புண்ணிலும் இது கிளம்பும். நம் ஊரில் அப்படிப்பட்ட தழும்புகளுக்குக் குறைவில்லை. ஷெல் காயம், எரிகாயம், செயற்கைக் கால் உரசும் இடம் என்று பல வருடம் பேசாமல் கிடந்த தழும்பு திடீரென்று புண்ணாகி, ஓரம் தடித்து, மணக்கத் தொடங்கினால், மருந்து கட்டிக்கொண்டு இருக்காமல் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இது நிணநீர்க் கட்டிகளுக்குப் பரவக்கூடியது. அதனால்தான் டொக்டர் கழுத்தையும் கக்கத்தையும் அரையையும் தடவிப் பார்க்கிறார்.

மூன்றாவது மெலனோமா. நம்மவர்களுக்கு அரிது, ஆனால் வந்தால் வெயில் படாத இடத்தில்தான் பெரும்பாலும் வரும்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் கீழ். பாடகர் பொப் மார்லிக்குக் கால்விரல் நகத்தின் கீழ் வந்தது இதுதான். பந்தடித்த காயம் என்று நினைத்திருந்தார். 1977இல் கண்டுபிடித்தார்கள், 1981இல் 36 வயதில் இறந்தார். மெலனோமாவில் ஆழம்தான் எல்லாம். றிப்போட்டில் 'பிரெஸ்லோ' என்று ஒரு மில்லிமீற்றர் கணக்கு இருக்கும். ஒன்றுக்குக் குறைவா, இரண்டுக்கு மேலா என்பதைப் பொறுத்துச் சுற்றி வெட்டும் அளவும் நிணநீர்க் கட்டியைச் சோதிப்பதும் மாறும்.

லண்டன் மச்சாள் "இஞ்சயெண்டா உடன பாத்திருப்பினம்" என்று குறைப்பட்டார். உண்மையில் அங்கேயும் சந்தேகமான மெலனோமாவையும் ஸ்குவாமஸையும் அவசர வரிசையில் போடுவார்கள். பேசல் செல்லைப் பெரும்பாலும் சாதாரண வரிசையில்தான் விடுவார்கள். அம்மாவுக்குச் சில கிழமை தள்ளிப் போனால் ஒன்றும் ஆகாது என்று டொக்டர் சொன்னது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை.

எங்கே?

உள்ளூரில் இரண்டு இடங்கள். ஒன்று யாழ். போதனா வைத்தியசாலை. தோல் கிளினிக், துண்டு எடுத்துப் பார்க்கும் ஆய்வுகூடம், சத்திரசிகிச்சை எல்லாம் ஒரே வளவுக்குள். மற்றது தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவு. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த காசில் எழுந்த கட்டடம் அது. நடையை முன்னின்று நடத்தியவர்கள் நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேயும். 2013இல் கையளித்தார்கள். புற்றுநோய் வைத்தியர்களும் கதிர்ச் சிகிச்சையும் அங்கேதான்.

தோல் புற்றுநோய்க்கு இந்த இரண்டுக்கும் இடையில் போட்டி இல்லை. வெட்டி எடுத்தால் முடிகிற விடயத்துக்குப் போதனா வைத்தியசாலை. கதிரோ மருந்தோ தேவைப்பட்டால் தெல்லிப்பழை. அம்மாவுக்குப் புற்றுநோய் என்றதும் அயலில் எல்லாரும் "தெல்லிப்பழைக்குத்தானே?" என்றார்கள். தெல்லிப்பழை என்ற பெயரே இங்கே பயமாகிவிட்டது, பாவம் அந்த ஊர். இப்போதைக்குத் தேவையில்லை என்றபோது சிலர் நம்பவில்லை, ஏதோ மறைக்கிறோம் என்று நினைத்தார்கள்.

மகரகம அபேக்ஷா வைத்தியசாலை நாட்டின் பிரதான புற்றுநோய் வைத்தியசாலை. அனுபவமும் உபகரணமும் அதிகம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நாடு முழுவதும் அங்கேதான் வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸோ ரயிலோ எடுத்து, விடியப் போய் வரிசையில் நின்று, ஸ்கான் ஒரு நாள், கிளினிக் இன்னொரு நாள் என்றால், தங்க இடமும் கூட ஒரு ஆளும் சிங்களம் கதைக்கிற ஒருவரும் வேண்டும். வைத்தியம் இலவசம்தான், அதைச் சுற்றியுள்ள எதுவும் இலவசமில்லை. மெலனோமா ஆழமாக இருக்கிறது, ஸ்குவாமஸ் கழுத்துக்கு வந்துவிட்டது என்றால் இந்த அலைச்சலுக்கு அர்த்தம் இருக்கிறது, அதுவும் இங்குள்ள டொக்டர் கடிதம் தந்து அனுப்பினால். உளுந்தளவு பேசல் செல்லுக்கு மகரகம போவது வீண் என்பது என் எண்ணம். கொழும்பு மாமாவுக்கு இதில் உடன்பாடில்லை.

பிரைவேட்டில் காட்டுவதால் நிச்சயமாகக் கிடைப்பது நேரம். சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் பதிந்து போனால் டொக்டர் அமைதியாக இருந்து விளங்கப்படுத்துவார். கிளினிக்கில் அவருக்கு முன்னால் நூறு கொப்பி இருக்கும். பல நேரம் இரண்டு இடத்திலும் இருப்பவர் ஒரே டொக்டர்தான். ஒருமுறை சனல் பண்ணி எல்லாக் கேள்வியையும் கேட்டுவிட்டு, வெட்டுவதை அரச வைத்தியசாலையில் செய்வது நம் ஊரில் பலர் செய்கிற, எனக்கும் சரியென்று படுகிற வழி.

அப்புறம் சென்னை. பலாலி விமான நிலையம் 2019இல் சர்வதேச நிலையமானதிலிருந்து சென்னை மனதுக்குக் கொழும்பை விடக் கிட்டவாகிவிட்டது. மொழிப் பிரச்சினை இல்லை. அடையாறில் டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய புற்றுநோய் நிலையம் முதல் பெரிய தனியார் வைத்தியசாலைகள் வரை தெரிவுகள் அதிகம். முகத்தில் சிக்கலான இடத்துப் பேசல் செல்லுக்கு அங்கே போவதில் ஒரு நியாயமும் உண்டு. 'மோஸ்' என்ற முறையில் ஒரு மெல்லிய படை வெட்டி, அப்போதே நுணுக்குக்காட்டியில் முழு ஓரத்தையும் பார்த்து, மிச்சம் இருக்கிற பக்கம் மட்டும் அடுத்த படை எடுப்பார்கள். நல்ல தோல் வீணாகாது, திரும்பி வரும் வாய்ப்பும் குறைவு. கண்ணிமை, மூக்கு நுனி, ஏற்கனவே வெட்டித் திரும்ப வந்தது என்றால் அதை விசாரிக்கலாம்.

ஆனால் விசா, பயணம், அறை வாடகை, எல்லாப் பரிசோதனையும் புதிதாக என்று காசு போகிற வேகம் தனி. அதைவிட முக்கியமானது, சத்திரசிகிச்சை முடிந்து ஊருக்கு வந்த பிறகு தையல் பிரிந்தால் யாரிடம் போவது? வெட்டியவர் கடலுக்கு அந்தப் பக்கம். இங்குள்ளவர் அங்கு எழுதிய கடிதத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் கருத்து மட்டும்தான் வேண்டுமென்றால் ஆள் போகத் தேவையில்லை. வெட்டிய துண்டை மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருப்பார்கள். அதையும் கண்ணாடித் தகடுகளையும் முறைப்படி எழுதிக் கேட்டு வாங்கி வேறொரு நோயியல் நிபுணருக்கு அனுப்பலாம். மெலனோமாவா சாதாரண மச்சமா என்று இழுபறி இருந்தால் மூன்று டொக்டர்களைச் சனல் பண்ணுவதை விட இது பிரயோசனம்.

கத்தி, கதிர், களிம்பு

இடத்துக்கு அடுத்த பெரிய தெரிவு இது, ஆனால் யாரும் இதைப் பற்றிக் கதைப்பதில்லை. வெட்டினால் கட்டி கையில் கிடைக்கும், ஓரம் சுத்தமா, அதாவது வெட்டிய விளிம்பில் புற்று மிச்சமில்லையா என்று ஆய்வுகூடம் பார்த்துச் சொல்லும். சிறிய, சாதாரண பேசல் செல்லுக்குச் சுற்றிவர 4 மில்லிமீற்றர் நல்ல தோலும் சேர்த்து எடுப்பது வழமை. வயலில் பெரிய விடயமில்லை, மூக்கோரத்தில் 4 மில்லிமீற்றர் பெரிய காணி. அதை மூடப் பக்கத்துத் தோலை இழுத்துத் தைப்பதா, காதின் பின்புறத்திலிருந்து எடுத்து ஒட்டுவதா என்பதை முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

கதிரில் கத்தியும் தையலும் இல்லை. வயதானவர்களுக்கும், இரத்தம் உறையாத மருந்து எடுப்பவர்களுக்கும், வெட்டினால் முகம் கோணும் இடத்துக்கும் நல்ல வழி. ஆனால் ஒருமுறையில் முடியாது. கிழமைக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய் வர வேண்டும். வெட்டித் துண்டு எடுக்காததால் ஓரம் சுத்தமா என்ற பதிலும் கிடைக்காது. இளம் வயதினருக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள், பல வருடம் கழித்து அதே கதிரே பிரச்சினை தரலாம் என்பதால்.

களிம்பு என்றதும் எல்லாருக்கும் ஆசை. இமிகுவிமோட், 5 ஃபுளோரோயூராசில் போன்றவை தோலின் மேற்பரப்பில் மட்டும் பரவிய மெல்லிய வகைக்குத்தான். கீழே இறங்கியதற்கு அதைப் பூசுவது பிரயோசனமில்லை.

அம்மாவிடம் கேட்டபோது "வெட்டி எறியட்டும், ஒவ்வொரு நாளும் பஸ் ஏற ஏலாது" என்றார். திகதியைப் பற்றி அவருக்கு இருந்த ஒரே கவலை, அது வெங்காயம் கிண்டுகிற நேரத்தில் விழுந்துவிடக் கூடாது என்பதுதான்.

காத்திருக்கும் நாட்களில்

இங்கேயும் ஒரு போட்டி இருக்கிறது. சும்மா ஏன் இருப்பான், பரியாரியார் ஒருவரிடம் காரம் வைத்து எரித்துவிடலாமே என்று குறைந்தது இரண்டு பேராவது சொல்வார்கள். சித்த வைத்தியத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. கைதடியில் அதைப் பல்கலைக்கழகத்திலேயே படிப்பிக்கிறார்கள். ஆனால் எரிக்கும் மருந்து மேலே தெரிவதைத்தான் கரைக்கும். மேலே தோல் மூடி ஆறியது போலத் தெரியும், கீழே வேர் தன் பாட்டில் போகும். பிறகு வெட்டும்போது எல்லை எது என்றே தெரியாது. ஒன்றும் செய்யாமல் இருப்பது இந்த இடத்தில் நல்ல வைத்தியம்.

சொல்வதா மறைப்பதா என்பதில் வீட்டுக்குள் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. கலியாணத்துக்கு நிற்கிற பிள்ளை இருக்கிற வீடு என்றால் புற்றுநோய் என்ற சொல்லை வாசலுக்கு வெளியே விடமாட்டார்கள். இது தொற்றாது, பேசல் செல் பெரும்பாலும் வயதும் வெயிலும் சேர்ந்து வருவது. இருந்தாலும் எதிர் வீட்டாருக்குப் பாடம் நடத்த முடியாது. நாங்கள் அம்மாவுக்கு முழுதும் சொன்னோம், ஊருக்குப் பாதி சொன்னோம். அம்மாவுக்கு மறைத்திருந்தால் கிளினிக் வாங்கிலில் பக்கத்தில் இருப்பவர் சொல்லித் தெரிந்திருக்கும். அங்கே இரகசியம் எதுவும் தங்காது.

காத்திருப்பதென்றால் கண்ணை மூடிக்கொண்டிருப்பதில்லை. கிழமைக்கு ஒருமுறை ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து ஃபோனில் படம் எடுக்கிறோம். திடீரென்று பெருத்தால், இரத்தம் நிற்காவிட்டால், கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால் திகதி வரைக்கும் பார்க்காமல் போகச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்குவாமஸ் காத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மெலனோமா என்று எழுதிய றிப்போட் கையில் இருந்தும் மாதக் கடைசித் திகதி தந்தால், வெட்கப்படாமல் திரும்பிப் போய், அந்தப் பெயரைக் காட்டி, முன்னுக்குத் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.

வெட்டி முடிந்ததும் இன்னொரு றிப்போட் வரும், பலர் அதை வாங்கவே போவதில்லை. ஓரம் சுத்தமா இல்லையா என்பது அதில்தான் இருக்கும். சுத்தம் என்றால் வருடத்தில் ஓரிரு தடவை தோல் கிளினிக்கில் முகத்தைக் காட்டி வந்தால் போதும், ஒன்று வந்தவருக்கு இன்னொன்று வேறிடத்தில் வரும் வாய்ப்பு கணிசம் என்பதால். சுத்தமில்லை என்றால் மறுபடி வெட்டுவதா கதிர் கொடுப்பதா என்ற கேள்வி வரும். அப்போது நாங்களும் தெல்லிப்பழை பஸ் ஏற வேண்டியதுதான்.